தங்க ரேக்கா, பித்தளைத் தாளா? தஞ்சாவூர்ப் பயணக் கேள்வி-பதில்

பள்ளி விடுமுறை முடிந்தால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் முகமே மாறிவிடும். மிக்ஸி, மின்விசிறி, காப்பீடு எல்லாம் பின்னால் போய், ஊர் சுற்றி வந்தவர்களின் புலம்பல் முன்னால் வந்துவிடும். இந்த முறை தஞ்சாவூர் பற்றி வந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஏமாந்தவர்கள் எழுதியதும் உண்டு, போவதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளும் கெட்டிக்காரர்கள் எழுதியதும் உண்டு.

கேள்வி: தஞ்சாவூரில் ஒரு கடையில் ஓவியம் வாங்கினோம். வெண்ணெய்க் கிருஷ்ணன், 15-க்கு 12 அங்குலம், பிரேமோடு 14,500 ரூபாய். "22 கேரட் கோல்டு பாயில்" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்த என் நாத்தனார் இது தங்கமே இல்லை என்கிறார். பில்லில் "பெயிண்டிங் – 1" என்று மட்டும் இருக்கிறது. கீழே "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று அச்சடித்திருக்கிறது. இனி ஏதாவது செய்ய முடியுமா? (ஓசூர் வாசகி)

முடியும். ஆனால் முதலில் நாத்தனாரின் தீர்ப்பை ஒரு ஓரமாக வையுங்கள். தங்க ரேக்கையும் (தங்கத்தை அடித்து மெல்லிசாக்கிய தாள்) பித்தளைத் தாளையும் புதிதாக இருக்கும்போது கண்ணால் பார்த்து அடித்துச் சொல்ல, அந்த வேலை செய்கிறவர்களே கொஞ்சம் தயங்குவார்கள்.

படம் எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரிந்தால் எங்கே பார்க்க வேண்டும் என்பதும் தெரியும். பலகையின் மேல் (அந்தக் காலத்தில் பலா, இப்போது பெரும்பாலும் பிளைவுட்) காடா துணியை ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் பூசித் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். அதில் கோட்டுப்படம். பிறகு கற்களைப் பதிப்பார்கள். நகை, திரைச்சீலை, தூண் எல்லாம் புடைத்து நிற்க, சுண்ணப்பொடியும் பசையும் குழைத்த மக்கை வைத்து மேடு கட்டுவார்கள். அந்த மேட்டின் மேல்தான் தங்க ரேக்கு ஒட்டப்படும். வண்ணம் அதற்குப் பிறகு. முகமும் கண்ணும் கடைசி.

செலவைக் குறைக்க நினைப்பவர் இரண்டு இடத்தில் கை வைக்கலாம். ஒன்று ரேக்கு. செம்பும் துத்தநாகமும் கலந்த தாள் தங்க நிறத்திலேயே கிடைக்கிறது. விலையில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். கடைக்காரர் "இது இமிடேஷன், அதனால்தான் இந்த விலை" என்று சொல்லி விற்றால் அதில் தப்பே இல்லை. இரண்டாவது, படத்தையே கணினியில் அச்சடித்து, மேலே நாலு கல்லும் கொஞ்சம் புடைப்பும் வைத்துக் கைவேலை என்று விற்பது. இதைக் கண்டுபிடிப்பது சுலபம். ஒரு சின்ன பூதக்கண்ணாடியைக் கண்ணனின் கன்னத்தின் மேல் பிடியுங்கள். தூரிகை போன தடம் இருந்தால் கையால் தீட்டியது. பொடிப்பொடியாகப் புள்ளிகள் தெரிந்தால் அச்சு. செல்போன் கேமராவை நெருக்கிப் பெரிதாக்கினாலும் போதும்.

ரேக்கைப் பொறுத்தவரை, அசல் தங்கம் அடங்கிய மஞ்சளாக இருக்கும். கண்ணாடி மாதிரிப் பளீரென்று அடிக்காது. இது குத்துமதிப்புதான். காலம்தான் சரியான சோதனை, அதைக் கடையில் வைத்துச் செய்ய முடியாது. என் வீட்டுப் பூஜையறையிலும் இப்படி ஒரு ராமர் பட்டாபிஷேகம் இருக்கிறது. ஒரு கடையில் "லைஃப்டைம் சார்" என்று கையில் அடித்துக் கொடுத்தார்கள். ஐந்தாறு வருடத்தில் சீதையின் ஒட்டியாணத்தில் தொடங்கிய கறுப்பு, இப்போது அனுமன் வரைக்கும் வந்துவிட்டது. என்னிடமும் பில்லில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அதனால் உங்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். "திரும்பப் பெறப்பட மாட்டாது" என்ற அச்சைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணத்தைக் கொடுக்க மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. தரத்தைப் பற்றிப் பொய் சொல்லி விற்பதும் அப்படித்தான். அந்தப் பொய்யை வாயால் சொன்னாலும் எழுத்தில் சொன்னாலும் சட்டத்துக்கு ஒன்றே. உங்களுக்கு இருக்கும் சிக்கல் ஆதாரம் மட்டும்தான்.

அதை இன்றைக்கே கொஞ்சம் சரிசெய்யலாம். கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்குச் சண்டை போடாமல் ஒரு செய்தி அனுப்புங்கள்: "இன்ன தேதியில் உங்களிடம் 14,500 ரூபாய்க்கு 22 கேரட் தங்க ரேக்கு ஓவியம் வாங்கினோம். அதற்கு ஒரு உத்தரவாதச் சீட்டு அனுப்ப முடியுமா?" அவர்கள் "அனுப்புகிறோம்" என்றாலும் சரி, "அது 22 கேரட் இல்லையே" என்றாலும் சரி, உங்கள் கையில் எழுத்து வந்துவிடுகிறது. பணம் செலுத்திய பதிவு, கடையில் எடுத்த போட்டோ எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.

சோதித்துத்தான் பார்க்க வேண்டும் என்றால், பொருளைச் சுரண்டாமல் மேல்பரப்பை மட்டும் எக்ஸ்ரே முறையில் பார்க்கும் கருவி நகை மதிப்பிடும் இடங்களில் இருக்கிறது. பிரேமைக் கழற்ற வேண்டியிருக்கும். அவ்வளவு மெல்லிய ரேக்கில் கேரட் கணக்குச் சரியாக வராது, ஆனால் தங்கமா பித்தளையா என்பது தெரிந்துவிடும். நீங்களாக ஊசி வைத்துக் கீறிப் பார்க்காதீர்கள். வழக்கு என்று போனால் "அவர்கள்தான் கெடுத்தார்கள்" என்று கடைக்காரர் சொல்வார். தேவைப்பட்டால் ஆய்வகத்துக்கு அனுப்பும் அதிகாரம் நுகர்வோர் ஆணையத்துக்கே இருக்கிறது.

கடை இறங்கி வரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் ஆகவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இதற்காகத் தஞ்சாவூருக்கு நடையாய் நடக்க வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பது 2019 சட்டம் கொடுத்த பெரிய வசதி. ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமும் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு: "22 கேரட் தங்க ரேக்கு, கைவேலை, அளவு இன்னது, பிரேம் உட்பட" என்று பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். அசல் விற்பவர் பேனாவை எடுப்பார். "பில்லில் எல்லாம் அப்படி எழுத மாட்டோம் மேடம்" என்கிறவரிடம் இமிடேஷன் விலைக்கு மேல் கொடுக்காதீர்கள். இன்னொன்று, அசலாகவே இருந்தாலும் அதில் உள்ள தங்கத்தின் எடை மிகமிகக் குறைவு. "நாளைக்கு வித்தாலும் தங்க விலை வரும்" என்பது வெறும் விற்பனைப் பேச்சு. நீங்கள் விலை கொடுப்பது ஒருவர் பல நாள் குனிந்து உட்கார்ந்த வேலைக்கு.

கேள்வி: பெரிய கோயில் வாசலில் ஒருவர் கைடு என்று வந்து, பேசிய தொகையைவிட இரு மடங்கு கேட்டார். கோபுர நிழல் தரையில் விழாது, உச்சியில் இருப்பது 80 டன் ஒற்றைக் கல் என்றெல்லாம் சொன்னார். உண்மைதானா? கொடுத்த காசு வீணா? (மைசூர்த் தமிழ் வாசகர்)

நிழல் விழும். காலையிலோ மாலையிலோ பிராகாரத்தில் நின்றாலே தெரியும். எத்தனையோ பேர் அந்த நிழலில் உட்கார்ந்துகொண்டேதான் இந்தக் கதையைக் கேட்கிறார்கள்! உச்சிப் பகுதி ஒற்றைக் கல் அல்ல, பல துண்டுகளை இணைத்தது என்று விமானத்தை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். பெரிய நந்தியைக் காட்டி "ராஜராஜன் வைத்தது, வளர்ந்துகொண்டே போனது" என்று சொல்லியிருப்பாரே? அது நாயக்கர் காலத்து நந்தி.

கட்டுக்கதை சொன்னார் என்பதற்காக வழக்கெல்லாம் போட முடியாது. அடுத்த முறை மூன்று விஷயத்தை முன்கூட்டியே பேசிவிடுங்கள்: எத்தனை நேரம், தொகை ஆளுக்கா குழுவுக்கா, எந்தெந்த இடம். சுற்றுலாத் துறையின் அடையாள அட்டை இருக்கிறதா என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. அட்டை உள்ளவர் அதைக் கழுத்திலேயே போட்டிருப்பார். கோயிலுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. "டிக்கெட் சேர்த்து" என்று யாராவது தொகை சொன்னால் அங்கேயே கும்பிடு போட்டுவிடுங்கள்.

ஒரு நல்ல கைடை அடையாளம் காண என்னிடம் ஒரு கேள்வி இருக்கிறது. "கல்வெட்டில் ஒரு வரி படித்துக் காட்டுங்களேன்" என்று கேளுங்கள். 1010-இல் முடிந்த இந்தக் கோயிலின் அடித்தளம் முழுவதும் எழுத்துதான். "நாங்குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லிலே வெட்டச் சொன்ன ராஜராஜனின் ஆணை அதில் இருக்கிறது. அக்கன் என்றால் குந்தவை. தளிச்சேரிப் பெண்டுகள் (கோயிலில் ஆடிப் பாடிய பெண்கள்) 400 பேரின் பெயரும், யாருக்கு எந்தச் சிறகில் (தெருவின் எந்த வரிசையில்) எத்தனையாவது வீடு என்பதும், ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்பதும் அந்தக் கற்களில் இருக்கிறது. யார் யாருக்கு என்ன கொடுத்தார் என்று ஆயிரம் வருடத்துக்கு முன்பே எழுதி வைத்த ஊருக்குப் போய்விட்டு, நாம் பில் வாங்காமல் வருகிறோம்.

உள்சுற்றில் இருக்கும் சோழர் ஓவியங்களைக் "காட்டுகிறேன், தனியாகக் கவனியுங்கள்" என்று யாராவது அழைத்தால் நம்பாதீர்கள். நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் மறைந்திருந்து 1931-இல் வெளிச்சத்துக்கு வந்த அந்தச் சுவர்கள் பொதுமக்களுக்குத் திறக்கப்படுவதில்லை.

கேள்வி: அரண்மனைக்குள் ஒரு டிக்கெட் வாங்கிவிட்டோம். உள்ளே போனால் இன்னொன்று, கேமராவுக்கு மற்றொன்று. இது அடாவடி இல்லையா? (சேலம் வாசகர்)

இல்லை. ஒரே மதிலுக்குள் இருந்தாலும் வெண்கலச் சிலைகள் உள்ள கலைக்கூடம், தர்பார் மண்டபம், சரஸ்வதி மகால் நூலகத்தின் காட்சிக்கூடம் எல்லாம் வெவ்வேறு நிர்வாகத்தின் கீழ் இருக்கின்றன. எந்த டிக்கெட்டுக்கு எதெல்லாம் அடங்கும் என்று கவுண்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். நேரம் குறைவாக இருந்தால் கலைக்கூடத்தை மட்டும் விடாதீர்கள். நூலகம் தன் சுவடிகளிலிருந்து பதிப்பித்த புத்தகங்களை விற்கிறது. தஞ்சாவூரில் போலி என்ற பேச்சுக்கே இடமில்லாமல் வாங்கக்கூடிய பொருள் அதுதான் என்று நினைக்கிறேன்.

கேள்வி: கும்பகோணம் பக்கம் போனபோது ஒருவர் தனியாக அழைத்து, "கிராமத்தில் கிடைத்தது, 200 வருஷத்து அம்மன் சிலை, அவசரத்துக்குக் கொடுக்கிறேன்" என்று காட்டினார். முக்கால் அடி உயரம், பச்சை பூத்து இருந்தது. சிங்கப்பூரில் இருக்கும் மகன் வீட்டுக்கு எடுத்துப் போக ஆசை. 60,000 ரூபாய் நியாயமா? (திருச்சி வாசகர்)

ஐயா, அவர் சொன்னது பொய்யாக இருந்தால் உங்களுக்குப் பண நஷ்டத்தோடு போயிற்று. உண்மையாக இருந்தால்தான் ஆபத்து.

நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சிலை, சட்டத்தின் கண்ணில் தொல்பொருள். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி அதைப் பதிவு செய்திருக்க வேண்டும், விற்பவரிடம் உரிமம் இருக்க வேண்டும். தனிநபர் நாட்டை விட்டு வெளியே எடுத்துப் போகவே முடியாது. அது ஏதாவது ஒரு கோயிலில் காணாமல் போனதாக இருந்தால் வாங்கிய நீங்களும் விசாரணையில் நிற்க வேண்டும். தமிழ்நாட்டுக் காவல்துறையில் சிலைக் கடத்தலுக்கென்றே 1983-லிருந்து தனிப்பிரிவு இருப்பது சும்மா இல்லை. கடத்தப்பட்ட பத்தூர் நடராஜர் லண்டனில் வழக்கு நடந்து 1991-இல் திரும்பினார். ஸ்ரீபுரந்தான் நடராஜர் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்தில் இருந்து 2014-இல் வந்தார். இரண்டு ஊரும் நீங்கள் போய்வந்த வட்டாரத்திலிருந்து ரொம்ப தூரம் இல்லை.

பச்சை பூத்தது பழமைக்குச் சான்று என்று எண்ண வேண்டாம். செம்பு கலந்த எதையும் ரசாயனம் தடவி மண்ணில் புதைத்தால் சில வாரத்தில் பச்சை கட்டும். முந்நூறு வருடம் அபிஷேகம் கண்ட சிலையின் மூக்கும் விரலும் தேய்ந்து மழுங்கியிருக்கும். நேற்றுச் செய்தது குழிக்குள் மட்டும் பச்சையாக, விளிம்பெல்லாம் கூர்மையாக இருக்கும். ஆனாலும் இந்தச் சோதனையெல்லாம் உங்களுக்கு எதற்கு? விலகி வந்துவிடுங்கள்.

புதுச் சிலை வாங்குங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. சுவாமிமலையில் செய்கிற முறையே தனி. குங்கிலியம் கலந்த மெழுகில் உருவம் பிடித்து, காவிரி வண்டலை அதன் மேல் பூசிக் காயவைத்து, சூடு காட்டி மெழுகை உருக்கி வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். வார்ப்பை எடுக்க மண்ணை உடைத்தாக வேண்டும் என்பதால் ஒரு அச்சில் ஒரு சிலைதான். பட்டறையில் ஸ்தபதி தென்னை ஓலை நறுக்கை எடுத்து, சிலையின் உயரத்துக்கு வெட்டி, அதையே மடித்து மடித்து முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு என்று அளவு எடுப்பதைப் பாருங்கள். அளவுகோலே கிடையாது, அந்த ஓலைதான்.

கேட்க வேண்டியவை சில உண்டு. கெட்டி வார்ப்பா, உள்ளே கூடா? தராசில் வைக்கச் சொல்லுங்கள். ஒரே உயரத்தில் உள்ள இரண்டு சிலைகளைக் கையில் தூக்கினாலே வித்தியாசம் தெரிந்துவிடும். மெழுகு வார்ப்பா, மணல் அச்சில் ஊற்றிய பித்தளையா? மணல் அச்சு என்றால் ஒரே மாதிரி பத்துச் சிலை அலமாரியில் நிற்கும், முதுகுப்பக்கம் சொரசொரவென்று விடப்பட்டிருக்கும். "பஞ்சலோகம், தங்கம் கலந்தது" என்று கூடுதல் விலை சொன்னால் அதை ஏற்க வேண்டாம். பெரும்பகுதி செம்புதான். பொன்னும் வெள்ளியும் சேர்ப்பது ஒரு சம்பிரதாய அளவு, பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. ஆசை இருந்தால் நீங்களே ஒரு பொட்டுத் தங்கம் கொண்டுபோய், ஊற்றும் நேரத்தில் நின்று போட்டுவிட்டு வரலாம். சொல்லிச் செய்விக்கிறவர்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

சிங்கப்பூருக்கு எடுத்துப் போக, "புதிதாகச் செய்தது, செய்த இடம், தேதி, உயரம், எடை" எழுதிய பில்லும் சிலையின் போட்டோவும் வாங்கிக்கொண்டு, "இது தொல்பொருள் அல்ல" என்ற சான்றிதழுக்கு இந்தியத் தொல்லியல் துறையிடம் விண்ணப்பியுங்கள். விமானத்துக்கு முந்தின நாள் ஓடாதீர்கள், சிலையை நேரில் பார்த்துத்தான் கொடுப்பார்கள். பேரம் பேச மனமில்லை என்றால் அரசின் பூம்புகார் நிலையத்தில் வாங்கலாம். விலை கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் தாள் வேலை ஒழுங்காக இருக்கும்.

கேள்வி: தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் பார்க்க வாடகைக் கார் பேசினோம். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்றார்கள். திரும்பி வந்ததும் கணக்கு மூன்றில் ஒரு பங்கு ஏறிவிட்டது. கங்கைகொண்ட சோழபுரம் போனபோது நடையும் சாத்தியிருந்தது. டிரைவர் இரண்டு கடைக்கு வேறு கூட்டிப்போனார். (நாகர்கோவில் வாசகி)

கிலோமீட்டர் விலை மட்டும் பேசினால் இப்படித்தான் ஆகும். "ஷெட் டு ஷெட்" என்பார்கள், அதாவது வண்டி அவர்கள் இடத்திலிருந்து கிளம்பி மறுபடி அங்கே போய்ச் சேரும் வரை உங்கள் கணக்கு. அதன் மேல் டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங், ஒரு நாளைக்குக் குறைந்தபட்சக் கிலோமீட்டர். இவை ஏமாற்று அல்ல, தொழில் வழக்கம். ஆனால் முன்பே சொல்லியிருக்க வேண்டும். அடுத்த முறை "எல்லாம் சேர்த்து எவ்வளவு, எதெல்லாம் தனி" என்று வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்குங்கள். ஏறும்போது மீட்டர் பலகையை ஒரு போட்டோ, இறங்கும்போது ஒரு போட்டோ.

நேரம் உங்கள் கையில். கோயில்கள் மதியம் சாத்தி நாலு மணி வாக்கில்தான் திறக்கும். தஞ்சாவூரிலிருந்து கங்கைகொண்ட சோழபுரம் சுமார் 70 கிலோமீட்டர். காலையில் வெள்ளென அங்கே போய்விட்டு, கும்பகோணத்தில் சாப்பிட்டு, வெயில் தாழ்ந்து தாராசுரம் போவதுதான் சரியான வரிசை. தாராசுரத்துச் சிற்பங்கள் விரலளவு பொடியானவை, சாய்ந்த வெளிச்சத்தில்தான் உயிர்வரும். பெரும்பாலானவர்கள் தலைகீழாகப் போய் உச்சி வெயிலில் பூட்டிய கதவைப் பார்க்கிறார்கள்.

டிரைவர் கூட்டிப்போகும் கடையில் அவருக்கு ஒரு பங்கு இருப்பது உலகறிந்த ரகசியம். அது உங்கள் விலையில்தான் ஏறும். "கடைக்கு நாங்களே போய்க்கொள்கிறோம்" என்று காலையிலேயே சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். சாயங்காலம் டீக்குக் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தால் அவருக்கும் வருத்தம் இருக்காது.

கேள்வி: "கலைஞர்களோடு ஒரு நாள்" என்று இணையத்தில் விற்கிறார்கள். வீணை செய்வதைப் பார்ப்பது, ஓவியம் தீட்டிப் பழகுவது எல்லாம் சேர்த்து ஆளுக்கு 3,500 ரூபாய். வாங்கலாமா? (சென்னை வாசகி)

மூன்று கேள்விக்குப் பதில் வந்தால் வாங்கலாம். ஒரு குழுவில் எத்தனை பேர்? நீங்கள் செய்ததை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா, அதற்கான பலகையும் கல்லும் தொகைக்குள் அடங்குமா? கலைஞருக்குப் போகும் பங்கு எவ்வளவு? மூன்றாவதற்கு மழுப்பினால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். பல பட்டறைகளில் போய் "கொஞ்ச நேரம் பார்க்கலாமா?" என்று கேட்டாலே உட்கார வைப்பார்கள். அதற்காக ஒரு மணி நேரம் அவர்கள் வேலையைக் கெடுத்துவிட்டு வெறுங்கையோடு எழுந்து வருவதும் அழகல்ல. சின்னதாக ஏதாவது வாங்குங்கள், இல்லை என்றால் கேட்டுப் பணம் கொடுங்கள்.

வீணைப் பட்டறைக்குப் போனால் மெட்டு (தந்தியை அழுத்தும் இடத்தில் இருக்கும் உலோகக் கட்டை) வைக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள். பலாக் கட்டையைக் குடைவது பார்க்கப் பிரமாதம்தான், ஆனால் சத்தமும் தூசும். மெட்டு வைப்பது வேறு விஷயம். கரி கலந்த மெழுகைத் தண்டியின் மேல் இரண்டு வரிசையாகப் பிடித்து, 24 மெட்டுகளை ஒவ்வொன்றாக அதில் பதிக்கிறார்கள். பதித்து, தந்தியை மீட்டிக் கேட்டு, ஒரு மயிரிழை நகர்த்தி, மறுபடி மீட்டி, முகம் சுளித்து, மறுபடி நகர்த்தி... அந்த ஒரு மணி நேரத்துக்கு 3,500 கேட்டாலும் நான் கொடுப்பேன், அவர் கையிலேயே கொடுப்பதாக இருந்தால்.

திருவையாறு ஆராதனைக்கு "பாஸ்" விற்கிறார்கள் என்று இன்னொருவரும் கேட்டிருக்கிறார். தை மாத வாக்கில் நடக்கும் தியாகராஜர் ஆராதனைக்கு டிக்கெட் கிடையாது. பஞ்சரத்ன கீர்த்தனை அன்று காலையில் சீக்கிரம் போய் இடம் பிடிப்பதுதான் பாஸ்.

கேள்வி: தங்கிய ஹோட்டலில் சாப்பாட்டு பில்லில் பத்து சதவீதம் "சர்வீஸ் சார்ஜ்" போட்டார்கள். கேட்டதற்கு "எல்லா கெஸ்ட்டுக்கும் உண்டு" என்றார்கள். இணையத்தில் பார்த்த அறை வாடகையும் பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில் ஏறியிருந்தது. (புதுச்சேரி வாசகர்)

சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம். "எடுத்துவிட்டு வேறு பில் கொடுங்கள்" என்று அங்கேயே சொல்லலாம். மறுத்தால் கட்டிவிட்டு, பில்லைப் போட்டோ எடுத்து 1915-க்குப் புகார் கொடுங்கள். ஜி.எஸ்.டி. வேறு, அது வரி, கட்டித்தான் ஆக வேண்டும்.

முதலில் ஒரு விலை காட்டி, கடைசிப் பக்கத்தில் ஏதேதோ கட்டணம் சேர்ப்பதும் 2023-ஆம் ஆண்டு நெறிமுறைகளில் தடுக்கப்பட்ட தந்திரங்களுள் ஒன்று. முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகப் பதிலும், ஒரு மாதத்துக்குள் தீர்வும் சொல்லியாக வேண்டும்.

கேள்வி: பேத்திக்குத் தலையாட்டி பொம்மை வாங்கினேன். கீழே தள்ளினால் எழுந்து நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்தே கிடக்கிறது. (மன்னார்குடிப் பாட்டி ஒருவர்)

பாட்டி, அது எழுந்து நிற்கவில்லை என்றால் தஞ்சாவூர் பொம்மையே இல்லை! அந்தப் பொம்மையின் சூட்சுமம் அடிப்பாகத்தில் இருக்கிறது. மேல்பாகம் லேசாக, அடி உருண்டையாகக் கனமாக இருக்க வேண்டும். கனம் நடுவில் உட்காராமல் ஓரமாகப் போய்விட்டால் உங்கள் பொம்மை மாதிரி சாயும். வாங்கும்போது கடைப் பலகையில் வைத்து நாலு பக்கமும் தள்ளிப் பாருங்கள். கடைக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார், நல்ல பொம்மை என்றால் அவரே தள்ளிக் காட்டுவார். தலை தனி, உடல் தனி, பாவாடை தனியாகக் கம்பி முனையில் நின்று ஆடும் நாட்டியப் பொம்மை வேறு வகை. அதைத் தள்ளிவிட்டு "எழவில்லை" என்று கோபித்துக்கொள்ளக் கூடாது. அதில் ஒவ்வொரு பாகமும் தனித்தனியாக ஆடுகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

உங்களுடையது உருண்டை அடிப் பொம்மை என்றால் குறையுள்ள பொருள்தான். முதல் பதிலில் சொன்ன 30 நாள் விதி இருநூறு ரூபாய்ப் பொம்மைக்கும் உண்டு. மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் எவ்வளவு தூரம்? அடுத்த முறை போகும்போது பில்லோடு பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: திருவையாற்றில் அசோகா அல்வா வாங்கினால் அட்டைப்பெட்டியோடு சேர்த்து எடை போடுகிறார்களே? (அதே திருச்சி வாசகர்)

சிலை விஷயத்தில் 60,000 மிச்சம் பிடித்துக் கொடுத்தேன், இப்போது அட்டைப்பெட்டிக்கு வந்துவிட்டீர்கள். ஆனாலும் நீங்கள் கேட்பது சரி. எடை என்பது பண்டத்தின் எடை மட்டும்தான். காலிப்பெட்டியைத் தராசில் வைத்து முள்ளைச் சுழிக்குக் கொண்டுவந்த பிறகுதான் அசோகா இறங்க வேண்டும். "பெட்டியைக் கழிச்சுட்டுப் போடுங்க தம்பி" என்றால் பெரும்பாலும் பேசாமல் செய்துவிடுவார்கள். செய்யாவிட்டால் எடையளவுச் சட்டத்தின் கீழ் தொழிலாளர் துறையில் புகார் கொடுக்கலாம். அரைக் கிலோ வாங்கும்போது அந்தப் பெட்டி ஒரு கரண்டி அசோகாவைத் தின்றுவிடும். பாசிப்பருப்பும் நெய்யும் அவ்வளவு மலிவாகவா விற்கிறது?